பாலிசியை பாதியில் முறிக்கப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன் இந்த மூன்று எண்களைக் கேளுங்கள்!

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது வளவனூர். நெல்லும் கரும்பும் சவுக்கும் வேர்க்கடலையும் விளையும் பகுதி. காலையில் ஒரு கூட்டம் விழுப்புரத்துக்கும், இன்னொரு கூட்டம் புதுச்சேரிக்கும் வேலைக்குப் பேருந்து ஏறும். இங்குள்ள பல வீடுகளில், பீரோவின் உள் அறையில் பட்டா, ரேஷன் கார்டு, நகை ரசீதுகளோடு ஒரு இன்ஷூரன்ஸ் பாண்டும் இருக்கும். பெரும்பாலும் யாரோ சொந்தக்காரர் சொல்லிப் போட்டது. 'மாமா கேட்டாரே, மறுக்க முடியலை' என்று தொடங்கிய பாலிசிகள் தமிழ்நாட்டில் ஏராளம்.

அந்த பாண்டு பீரோவிலிருந்து வெளியே வரும் நாள் பெரும்பாலும் நல்ல நாளாக இருப்பதில்லை. ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், திடீர் ஆஸ்பத்திரிச் செலவு, வேலை இழப்பு, பயிர் மூழ்கியது என ஏதோ ஒரு நெருக்கடிதான் அதைத் தேட வைக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை இந்த மாவட்டம் எளிதில் மறக்காது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. அப்படியொரு அடிக்குப் பிறகு, வீட்டில் பணமாக மாற்றக்கூடியது என்னவெல்லாம் இருக்கிறது என்று யோசித்தால் நகைக்கு அடுத்து நினைவுக்கு வருவது பாலிசிதான்.

'கட்டின பணமாவது கையில வரட்டும்' என்று கிளை அலுவலகத்துக்குப் போகிறவர்களுக்கு அங்கே ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. ஐந்து வருஷம் கட்டிய பணத்தில் பாதிதான் வரும் என்கிறார்கள். இரண்டே வருஷம் கட்டியிருந்தால் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதிலும் 'ஹோல் லைஃப்' எனப்படும் முழு ஆயுள் பாலிசி என்றால் இழப்பு இன்னும் கூடுதல். இது ஏன், எவ்வளவு, தவிர்க்க வழி உண்டா என்று பார்ப்போம்.

முழு ஆயுள் பாலிசி என்றால் என்ன?

சாதாரண எண்டோவ்மென்ட் பாலிசி 15, 20, 25 ஆண்டுகளில் முடிந்துவிடும். முழு ஆயுள் பாலிசி அப்படியல்ல. பிரீமியம் கட்டும் காலம் 15 அல்லது 20 ஆண்டுகளாக இருக்கலாம். ஆனால், பாதுகாப்பு ஆயுள் முழுக்க, பல திட்டங்களில் 100 வயது வரை தொடரும்.

எல்.ஐ.சி-யின் 'ஜீவன் உமங்' இந்த வகையைச் சேர்ந்தது. பிரீமியம் கட்டி முடித்த பிறகு, காப்புத் தொகையில் 8 சதவிகிதம் ஆண்டுதோறும் கையில் வரும். 5 லட்சம் ரூபாய் பாலிசி என்றால் வருடத்துக்கு 40,000 ரூபாய். 'ஜீவன் ஆனந்த்' எண்டோவ்மென்ட்டும் முழு ஆயுளும் கலந்தது. முதிர்வுத் தொகையை வாங்கிய பிறகும் ஆயுள் முழுக்கக் காப்பு தொடரும்.

கிராமப்புறங்களில் இன்னொன்றும் பரவலாக உண்டு. அது அஞ்சல் துறையின் 'கிராம சுரக்ஷா'. 1995 மார்ச் 24 அன்று தொடங்கப்பட்ட கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீட்டின் முழு ஆயுள் திட்டம் இது. 19 முதல் 55 வயது வரையுள்ளவர்கள் சேரலாம். 10,000 ரூபாயிலிருந்து 10 லட்சம் ரூபாய் வரை போடலாம். 80 வயதை எட்டும்போது போனஸுடன் தொகை கிடைக்கும். அதற்கு முன் இறந்தால் நாமினிக்குப் போகும்.

இந்த மூன்றுக்கும் பொதுவான விஷயம் நீண்ட காலம். முழு ஆயுள் பாலிசியின் பலமும் அதுதான். பாதியில் முறிப்பவருக்கு நஷ்டமாக வந்து விழுவதும் அதுதான்.

கட்டிய பணம் எங்கே போகிறது?

பலரும் இன்ஷூரன்ஸை வங்கியின் ஆர்.டி. கணக்கு மாதிரி நினைக்கிறார்கள். ஆர்.டி-யை நடுவில் முறித்தால் வட்டி கொஞ்சம் குறையும், அசல் அப்படியே வரும். பாலிசியில் அசலிலேயே கை வைக்கப்படும்.

நீங்கள் கட்டும் பிரீமியம் மூன்றாகப் பிரிகிறது. ஒரு பகுதி, அந்த வருடம் உங்கள் உயிருக்குக் கொடுத்த காப்புக்கான விலை. அந்த வருடத்தோடு அது செலவாகிவிட்டது. இரண்டாவது பகுதி, ஏஜென்ட்டின் தரகு, மருத்துவப் பரிசோதனை, முத்திரைத் தீர்வை, அலுவலக நிர்வாகம் போன்றவற்றுக்குப் போகிறது. மீதி இருப்பதுதான் முதலீடாகிறது.

இந்தச் செலவுகளில் பெரும்பகுதி முதல் ஆண்டிலேயே வந்துவிடுகிறது. நீண்டகால பாலிசிகளுக்கு முதல் ஆண்டு பிரீமியத்தில் 35 சதவிகிதம் வரை தரகு கொடுக்கப் பல பத்தாண்டுகளாகச் சட்டமே அனுமதித்திருந்தது. 20 வருஷத்துக்குப் பரவ வேண்டிய செலவு முதல் வருஷமே நடந்துவிடுவதால், இரண்டாம் வருஷமே விலகுகிறவர் தலையில் அது முழுதாக விழுகிறது.

விதி சொல்லும் குறைந்தபட்சத் தொகை

பாலிசியை முறிக்கும்போது கிடைக்கும் தொகைக்குப் பெயர் சரண்டர் மதிப்பு. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உத்தரவாத சரண்டர் மதிப்பு. மற்றொன்று, சிறப்பு சரண்டர் மதிப்பு. இரண்டில் எது அதிகமோ அதை நிறுவனம் தர வேண்டும்.

உத்தரவாத மதிப்புக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நிர்ணயித்திருக்கும் கீழ்வரம்பு இதுதான்:

* இரண்டாம் ஆண்டில் முறித்தால், கட்டிய பிரீமியத்தில் 30%
* மூன்றாம் ஆண்டில் 35%
* நான்கு முதல் ஏழாம் ஆண்டு வரை 50%
* பாலிசி காலத்தின் கடைசி இரண்டு ஆண்டுகளில் 90%

எட்டாம் ஆண்டிலிருந்து இந்த விகிதம் படிப்படியாக ஏறி 90 சதவிகிதத்தைத் தொடும். முழு ஆயுள் பாலிசிக்காரர் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். 20 ஆண்டு எண்டோவ்மென்ட்டில் கடைசி இரண்டு ஆண்டுகள் என்றால் 19-ம் ஆண்டும் 20-ம் ஆண்டும். பாலிசி காலம் 100 வயது வரை என்றால், அந்தக் கடைசி இரண்டு ஆண்டுகள் 98 வயதுக்கு மேல்தான் வரும்!

இன்னொன்று. ஏற்கெனவே இடையில் ஏதாவது தொகை கைக்கு வந்திருந்தால், அதை உத்தரவாத மதிப்பிலிருந்து கழித்துக்கொள்வார்கள். பிரீமியத்தோடு சேர்த்துக் கட்டிய ஜி.எஸ்.டி-யும் கணக்கில் வராது. தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டுவிட்டது. ஆனால், அதற்கு முன் கட்டிய வரி திரும்பாது.

ஓர் உதாரணக் கணக்கு

30 வயதுள்ள ஒருவர் 5 லட்சம் ரூபாய்க்கு முழு ஆயுள் பாலிசி எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 ஆண்டுகள் பிரீமியம் கட்ட வேண்டும். ஆண்டுக்கு 30,000 ரூபாய். கணக்கு எளிதாகப் புரிய இது ஒரு மாதிரி மட்டுமே.

இரண்டாம் ஆண்டில் முறித்தால், கட்டியது 60,000. உத்தரவாத மதிப்பு 18,000. இழப்பு 42,000.

மூன்றாம் ஆண்டில் முறித்தால், கட்டியது 90,000. மதிப்பு 31,500. இழப்பு 58,500.

ஐந்தாம் ஆண்டில் முறித்தால், கட்டியது 1,50,000. மதிப்பு 75,000. இழப்பு 75,000.

சேர்ந்திருக்கும் போனஸுக்காக இதனுடன் ஒரு தொகை சேரும். ஆனால், முழு போனஸும் வராது. 'ஒரு லட்சம் போனஸ் சேர்ந்திருக்கு' என்று ஸ்டேட்மென்ட்டில் இருப்பது, பாலிசி முடியும்போதோ இறப்பின்போதோ தரப்படும் தொகை. இன்றைக்கே கேட்டால் அதில் ஒரு சிறு பகுதிதான் கிடைக்கும்.

2024-ல் மாறியது என்ன?

1938-ம் ஆண்டு காப்பீட்டுச் சட்டப்படி, மூன்று ஆண்டுகள் பிரீமியம் கட்டினால்தான் சரண்டர் மதிப்பே உண்டு. பிறகு வந்த விதிகளில் இது இரண்டு ஆண்டாகக் குறைந்தது. அப்போதும், ஒரே ஒரு வருஷம் கட்டிவிட்டு நிறுத்தியவருக்கு ஒரு ரூபாயும் திரும்பவில்லை.

2024 ஜூன் 12 அன்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட சுற்றறிக்கை இதை மாற்றியது. 2024 அக்டோபர் 1 முதல் விற்கப்படும் பாலிசிகளுக்கு, ஓர் ஆண்டு பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தாலே, அந்த முதல் ஆண்டு முடிந்ததும் சிறப்பு சரண்டர் மதிப்பு உண்டு. அதைக் கணக்கிடுவதற்கும் ஒரு கீழ்வரம்பு வைக்கப்பட்டது. கட்டிய அளவுக்கு எதிர்காலத்தில் சேர வேண்டிய தொகையின் 'இன்றைய மதிப்பு' எவ்வளவோ, அதற்குக் குறையக் கூடாது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், 'இன்றைய மதிப்பு' என்ற சொல்லில்தான் முழு ஆயுள் பாலிசிக்காரருக்குச் சிக்கல் இருக்கிறது. 15 ஆண்டுகள் கழித்து வரப்போகும் ஒரு லட்சம் ரூபாய்க்கு, 7 சதவிகித வட்டியில் இன்றைய மதிப்பு சுமார் 36,200 ரூபாய். அதே ஒரு லட்சம் 30 ஆண்டுகள் கழித்து வருமென்றால் சுமார் 13,100. 50 ஆண்டுகள் கழித்து என்றால் வெறும் 3,400!

காலம் நீள நீள இன்றைய மதிப்பு கரைந்துவிடுகிறது. புதிய விதியால் குறுகிய கால எண்டோவ்மென்ட் பாலிசிக்குக் கிடைக்கும் நன்மை, ஆயுள் முழுக்கக் காத்திருக்க வேண்டிய பாலிசிக்கு அதே அளவில் கிடைக்காது. ஜீவன் உமங் போல நடுவிலேயே ஆண்டுத் தொகை தரும் திட்டங்களில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. அந்தத் தொகைகள் சீக்கிரம் வரத் தொடங்குவதால் அவற்றின் இன்றைய மதிப்பும் கூடுதல்.

2024 அக்டோபருக்கு முன் வாங்கிய பாலிசிகளுக்கு, அவரவர் பாண்டில் அச்சிட்டிருக்கும் நிபந்தனைதான் பொருந்தும். 'புது ரூல் வந்துடுச்சாம், முழுப் பணமும் தருவாங்களாம்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி யாரும் அவசரப்பட வேண்டாம்.

லண்டனில் ஏலம் போன முதியவர்கள்

முறிப்பவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே எளிதில் வந்ததல்ல. 1844-ல் லண்டனுக்குப் போன அமெரிக்கக் கணித ஆசிரியர் எலிசர் ரைட், அங்குள்ள ராயல் எக்ஸ்சேஞ்சில் ஒரு காட்சியைப் பார்த்தார். பிரீமியம் கட்ட முடியாத முதியவர்களின் பாலிசிகளை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஏலம் எடுத்தவர் பிரீமியத்தைத் தொடர்ந்து கட்டுவார்; முதியவர் இறந்ததும் பணம் ஏலம் எடுத்தவருக்கு. அடிமை முறைக்கு எதிராகப் போராடியவர் ரைட். அவருக்கு இந்தக் காட்சி அடிமைச் சந்தையையே நினைவூட்டியது.

ஊர் திரும்பியவர் பல ஆண்டுகள் போராடினார். பிரீமியத்தை நிறுத்தினாலும் கட்டிய பணம் முழுதாகப் பறிபோகக் கூடாது என்ற சட்டத்தை 1861-ல் மாசசூசெட்ஸ் மாகாணம் இயற்றியது. கட்டிய பணத்துக்கு ஒரு மதிப்பு உண்டு, அது பாலிசிதாரருக்குச் சொந்தம் என்ற கொள்கைக்கு அது ஒரு தொடக்கம்.

சரண்டர் தவிர வேறு வழிகள்

பணம் வேண்டும் என்று வருகிறவரும், இனி பிரீமியம் கட்ட முடியாது என்று வருகிறவரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: 'சரண்டர் பண்ணணும்'. ஆனால் இருவரின் பிரச்னையும் வேறு வேறு. தீர்வும் வேறு.

பிரீமியம் கட்ட முடியவில்லை, ஆனால் உடனடியாகப் பணம் தேவையில்லை என்றால் 'பெய்டு-அப்' என்ற வழி இருக்கிறது. பிரீமியத்தை நிறுத்திவிடலாம். பாலிசி சாகாது; சிறியதாகச் சுருங்கும். மேலே பார்த்த உதாரணத்தில் 20-ல் 5 பிரீமியம் கட்டியாகிவிட்டது. எனவே 5 லட்சத்தில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 1,25,000 ரூபாய்க் காப்பு, அதுவரை சேர்ந்த போனஸுடன் அப்படியே நிற்கும். இனி ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். பொதுவாக புதிய போனஸ் மட்டும் சேராது. எத்தனை ஆண்டுகள் கட்டியிருந்தால் இந்த வசதி உண்டு என்பது பாண்டில் எழுதியிருக்கும்.

பணம் உடனே தேவை, ஆனால் பிரீமியம் கட்ட முடியும் என்றால் பாலிசிக் கடன் வாங்கலாம். எல்.ஐ.சி-யில் நடப்பில் இருக்கும் பாலிசிக்கு, சரண்டர் மதிப்பில் 90 சதவிகிதம் வரை கடன் தருகிறார்கள். உதாரணத்தில் 75,000 ரூபாய்க்கு 67,500 ரூபாய் வரை கிடைக்கலாம். 9.5 சதவிகித வட்டி என்று வைத்தால், ஆண்டு வட்டி சுமார் 6,400 ரூபாய். சிபில் ஸ்கோர் கேட்க மாட்டார்கள். ஜாமீன் கேட்க மாட்டார்கள். காப்பும் தொடரும். இடையில் ஏதாவது ஆகிவிட்டால், கடனையும் வட்டியையும் கழித்துக்கொண்டு மீதி நாமினிக்கு வரும்.

ஒரே எச்சரிக்கை. வட்டியையும் கட்டாமல், பிரீமியத்தையும் கட்டாமல் விட்டால், கடனும் வட்டியும் சேர்ந்து சரண்டர் மதிப்பைத் தாண்டும் நாளில் பாலிசியே முடிக்கப்பட்டுவிடும்.

தவணை தவறிவிட்டது, 'லேப்ஸ்' ஆகிவிட்டது என்றாலும் கதை முடியவில்லை. மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதையும் தாண்டினால், புதிய பாலிசிகளில் முதல் தவறிய தவணையிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் வட்டியுடன் கட்டிப் புதுப்பிக்கலாம். எல்.ஐ.சி. அவ்வப்போது நடத்தும் சிறப்பு முகாம்களில் தாமதக் கட்டணத்தில் தள்ளுபடியும் கிடைக்கும்.

ஆண்டுத் தவணை சுமையாக இருந்தால், மாதம் அல்லது காலாண்டுத் தவணையாக மாற்றிக்கொள்ள முடியுமா என்றும் கேட்கலாம். 30,000 ரூபாயை மொத்தமாகப் புரட்ட முடியாதவருக்கு, மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் கட்டுவது சாத்தியமாக இருக்கலாம்.

போஸ்ட் ஆபீஸ் பாலிசிக்குத் தனிக் கணக்கு

அஞ்சலகக் காப்பீட்டுக்கு மேலே சொன்ன ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிகள் பொருந்தாது. அதற்குத் தனி விதிகள். கிராம சுரக்ஷாவில் 3 ஆண்டுகளுக்குப் பிறகு சரண்டர் செய்யலாம். 4 ஆண்டுகளுக்குப் பிறகு கடன் வாங்கலாம். 5 ஆண்டுகள் முடிவதற்குள் சரண்டர் செய்தால் போனஸ் கிடையாது.

இந்தக் கடைசி விதி முக்கியம். சமீப ஆண்டுகளில் இந்தத் திட்டத்துக்கான போனஸ், ஆயிரம் ரூபாய் காப்புக்கு 60 ரூபாய் என்ற அளவில் இருந்துவருகிறது. 2 லட்சம் ரூபாய் பாலிசிக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு சரண்டர் செய்தாலும் இது முழுதாக வராது. குறைக்கப்பட்ட காப்புத் தொகைக்கு ஏற்ற விகிதத்தில்தான் வரும். ஆனால், 4 ஆண்டு 8 மாதத்தில் முறிப்பவருக்கு அதுவும் கிடையாது. நான்கு மாதம் பொறுத்தாலே கணக்கு மாறிவிடும். அவசரம் என்றால், கடனை வைத்து அந்த நான்கு மாதத்தைத் தாண்ட முடியுமா என்று பார்க்கலாம்.

பணத்தில் தெரியாத இழப்புகள்

சரண்டர் காசோலையில் தெரிவது ஒரு பாதிதான். தெரியாத இழப்புகள் வேறு.

முதலாவது, காப்பு. மறுநாள் காலையிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய்ப் பாதுகாப்பு இல்லை. 'அப்புறம் வேற போட்டுக்கலாம்' என்று நினைக்கலாம். ஆனால், அதற்குள் வயது கூடியிருக்கும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வந்திருந்தால் பிரீமியம் ஏறும். பாலிசியே மறுக்கப்படவும் கூடும். அதனால், புதிய பாலிசி கைக்கு வரும் முன் பழையதை முறிக்கவே கூடாது.

இரண்டாவது, பலரும் அறியாதது. காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவின்படி, மூன்று ஆண்டுகள் கடந்த பாலிசியை 'விவரத்தை மறைத்துவிட்டார்' என்ற காரணம் சொல்லி நிறுவனம் கேள்வி கேட்க முடியாது. பழைய பாலிசியை முறித்துப் புதிது எடுத்தால், அந்த மூன்று ஆண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

மூன்றாவது, வரி. இரண்டு ஆண்டு பிரீமியம் கட்டுவதற்குள் பாலிசியை நிறுத்தினால், 80சி பிரிவில் ஏற்கெனவே பெற்ற விலக்கு, நிறுத்திய ஆண்டின் வருமானமாகச் சேர்க்கப்படும். வருமான வரி கட்டுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

'பழசை முறிச்சிட்டுப் புதுசு போடுங்க'

பிரச்னை சில சமயம் வீட்டுக்கே வரும். 'இந்தத் திட்டம் பழசு. இதை சரண்டர் பண்ணிட்டு அந்தப் பணத்துல புதுசு போட்டா டபுளா வரும்' என்பார் யாராவது ஒருவர். புதுத் திட்டம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால், புதிய பாலிசி என்றால் புதிய முதல் ஆண்டுத் தரகு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நஷ்டமாகும் அதே நாள், சொல்கிறவருக்கு வருமானம் தரும் நாளாக இருக்கலாம்.

'முதல் தவணையை நானே கட்டிடறேன் அக்கா' என்பதும் அப்படித்தான். பிரீமியத்தில் கழிவு கொடுப்பதையும் வாங்குவதையும் காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவு தடை செய்கிறது. 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. முதல் தவணை இலவசம் என்பதற்காகச் சேர்பவர், இரண்டாம் தவணையில் திணறுகிறார். அப்படிச் சேர்ந்த பாலிசிதான் சீக்கிரம் முறிகிறது.

'ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யிலிருந்து பேசுகிறோம், உங்கள் போனஸ் தேங்கியிருக்கிறது' என்று போன் வந்தால் உடனே துண்டித்துவிடுங்கள். அந்த ஆணையம் பாலிசி விற்பதும் இல்லை. போனஸ் அறிவிப்பதும் இல்லை.

புதிய பாலிசி எடுத்து, பாண்டு கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால், இந்தக் கணக்கு எதுவுமே தேவையில்லை. 'ஃப்ரீ லுக்' என்ற உரிமையில் பாலிசியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த நாள்களுக்கான காப்புக் கட்டணம், முத்திரைத் தீர்வை, மருத்துவப் பரிசோதனைச் செலவு மட்டும் கழித்து மீதி முழுதும் வரும். பாண்டு வந்த அன்றே பீரோவில் வைத்துப் பூட்டாமல், பிரீமியம் எத்தனை வருஷம், காப்பு எவ்வளவு என்ற இரண்டு வரிகளையாவது படிப்பது நல்லது.

அப்படியானால் எப்போது முறிக்கலாம்?

சரண்டரே தவறு என்று சொல்ல முடியாது. 'இத்தனை வருஷம் போட்ட பணம் போயிடுமே' என்ற ஒரே காரணத்துக்காக, ஒத்துவராத பாலிசியை இழுத்துக்கொண்டு போவதும் நஷ்டம்தான். போனது போனதுதான். இனி கட்டப்போவது எவ்வளவு, அதற்கு வரப்போவது எவ்வளவு என்பதே சரியான கேள்வி. உதாரணத்தில் உள்ளவர் இன்னும் 15 ஆண்டுகளில் 4,50,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தப் பணம் தன்னிடம் நிச்சயம் புரளுமா, அதைவிடக் குறைந்த செலவில் அதிகக் காப்பு கிடைக்குமா என்று அவர் பார்க்க வேண்டும்.

மூணு வட்டிக் கடன் இருக்கிறவருக்குக் கணக்கு தெளிவு. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 சதவிகிதம். 67,500 ரூபாய்க் கடனுக்கு வருஷம் 24,300 ரூபாய் வட்டி போகும். எந்தப் பாலிசியும் அந்த அளவுக்குச் சம்பாதித்துத் தராது. பாலிசிக் கடன் வாங்கி அதை அடைத்தால், வட்டி சுமார் 6,400 ரூபாயாக இறங்கும். பாலிசிக் கடன் கிடைக்காத நிலையில், பிரீமியமும் கட்ட வழியில்லை என்றால், சரண்டர் செய்து கடனை அடைப்பது நியாயமான முடிவுதான்.

கவுன்ட்டரில் கேட்க வேண்டியவை

விழுப்புரமோ திண்டிவனமோ, எந்தக் கிளைக்குப் போனாலும் சரண்டர் படிவத்தைக் கேட்பதற்கு முன், பாலிசி எண்ணைக் கொடுத்து இந்த மூன்று எண்களை எழுதி வாங்குங்கள்:

1. இன்றைய தேதியில் சரண்டர் மதிப்பு எவ்வளவு?
2. பிரீமியத்தை நிறுத்தினால் பெய்டு-அப் மதிப்பு எவ்வளவு, அது எப்போது கிடைக்கும்?
3. இந்தப் பாலிசியில் எவ்வளவு கடன் கிடைக்கும், வட்டி எத்தனை சதவிகிதம்?

கூடவே நாலாவதாக ஒன்று: 'அடுத்த பாலிசி ஆண்டு பிறந்த பிறகு வந்தால் சரண்டர் மதிப்பு எவ்வளவு மாறும்?' மூன்றாம் ஆண்டிலிருந்து நான்காம் ஆண்டுக்குப் போகும்போது 35 சதவிகிதம் 50 ஆகிறது. ஆனால், அந்த ஆண்டுக்குரிய பிரீமியத்தையும் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எண்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். அன்றே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மனைவியோடு, கணவரோடு, நாமினியோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்தக் காப்பு யாருக்காக எடுக்கப்பட்டதோ, அவருக்குத் தெரியாமலேயே பல பாலிசிகள் முறிக்கப்படுகின்றன.

சரண்டர் என்றே முடிவானால், அசல் பாண்டு, சரண்டர் படிவம், அடையாளச் சான்று, உங்கள் பெயர் உள்ள ரத்து செய்யப்பட்ட காசோலை அல்லது பாஸ்புக் நகல் ஆகியவை தேவைப்படும். பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். நடுவில் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

தந்த தொகை தவறு என்று தோன்றினாலோ, பொய் சொல்லி விற்றுவிட்டார்கள் என்றாலோ, முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாடும் புதுச்சேரியும் அவர் எல்லைக்குள் வரும். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கலாம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் 155255 என்ற இலவச எண்ணிலும் புகாரைப் பதியலாம். அஞ்சலக பாலிசி என்றால் அஞ்சல் துறையின் 1800 266 6868 என்ற எண்ணை அழைக்கலாம்.

பாலிசியை முறிக்க ஒரு கையெழுத்து போதும். சரண்டர் செய்து பணத்தையும் வாங்கிவிட்டால், அதே விலையில், அதே வயதுக் கணக்கில் அதைத் திரும்ப வாங்க முடியாது. அந்த மூன்று எண்களும் கைக்கு வந்த பிறகு முடிவெடுங்கள்.